படிகலிங்கத்துக்கு வாங்கிய லென்ஸ்

உட்காருங்கள் தம்பி. அதில் வேண்டாம், அது ஆடும். இதில் உட்காருங்கள், விசிறிக்கு நேராக இருக்கும். நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள், முதலில் தண்ணீர் குடியுங்கள். பெட்டியை அப்புறம் திறக்கலாம். அது எங்கேயும் ஓடிப்போகாது.

விளம்பரத்தில் போட்டிருந்தது முழுக்க உண்மை. ஒரே ஒரு நாள்தான் பயன்பட்டது. கீறல் கிடையாது, பூஞ்சை கிடையாது, கீழே விழுந்தது கிடையாது. உங்களுக்கு முன்னால் ஒருவர் வந்தார், நம்பவில்லை. "ஒரு நாள் எடுத்துட்டா விக்கீங்க? உள்ளே என்னமோ கோளாறு இருக்கு" என்றார். லென்ஸில் கோளாறு இல்லை ஐயா, மனிதர்களிடம்தான் கோளாறு என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எழுந்து போய்விட்டார். நீங்கள் போகமாட்டீர்கள். படித்த முகமாக இருக்கிறது. நாகர்கோவிலில் எந்தப் பக்கம்? ஓ. அப்பா என்ன செய்கிறார்? சும்மா கேட்டேன். அதெல்லாம் நான் பார்க்கிறவன் இல்லை.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். ஒளியியல் என் பாடம். பேச்சு பாடப்புத்தகம் மாதிரி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனைவி காந்திமதி இருந்தவரை, "ரசம் கேக்கதுக்குக்கூட ஏன் மேடையேறுதீங்க" என்பாள். அவள் போய் மூன்று வருஷமாகிறது. இப்போது நானே ரசம் வைத்து நானே குடிக்கிறேன். குமட்டுகிறது. அது வேறு விஷயம்.

விஷயம் என்னவென்றால், இந்த வீட்டுப் பூஜையறையில் ஒரு படிகலிங்கம் இருக்கிறது. அதோ, அந்த அறைதான். கட்டைவிரல் நுனி அளவுதான் சுவாமி. தலை உருண்டையாக, பனித்துளி மாதிரி இருக்கும். தீட்சை வாங்கியவர்தான் தொட்டுப் பூஜை செய்யவேண்டும். அப்பாவுக்குப் பிறகு நான். பூஜை முடிந்தால் வெள்ளிச் சம்புடத்துக்குள் வைத்து மூடிவிடுவேன். அந்த அறையை விட்டு வெளியே வருகிற வழக்கம் கிடையாது.

எங்கள் தெருக் கோயிலுக்குக் குடமுழுக்கு வந்தது. அதற்கு விழா மலர் போடுகிறார்கள். செயலாளர் சங்கரநயினார் வந்து, "அண்ணாச்சி, எல்லா மலர்லயும் கோபுரத்தைப் போட்டுப் போட்டுச் சலிச்சுப்போச்சு. அட்டையில உங்க வீட்டு சுவாமிதான்" என்றார். எனக்குச் சந்தோஷந்தான், மறைக்கவில்லை. உடனே மனுஷன் போனை எடுத்து நிலைவாசலில் நின்று கையை நீட்டி ஒரு படம் பிடித்தார். பார்த்தேன். அழுக்கு ஐஸ்கட்டி மாதிரி ஏதோ தெரிந்தது. "இதுல மேக்ரோ இருக்கு அண்ணாச்சி, அமுக்கணும்" என்றார். சின்னதை எடுக்கிற வசதிக்குப் பெரிசு என்று அர்த்தம் வருகிற பெயரை வைத்தவனை நான் பார்க்கவேண்டும். வைத்தவனைக்கூட மன்னிக்கலாம். அதை அமுக்குகிறவர்களைப் பார்த்தால்தான் அருவருப்பாக இருக்கிறது.

நல்ல காமிரா, நல்ல லென்ஸ், தெரிந்த கை. இந்த மூன்றும் வேண்டும். தெரிந்த கை வீட்டிலேயே இருந்தது. அதாவது, மகள் வீட்டில்.

என் மகள் உலகம்மை சென்னையில் இருக்கிறாள். ஒரே பிள்ளை. அவளுடைய கணவர் வேல்துரை. கவனியுங்கள், அவர் என்றுதான் சொல்கிறேன். தொழில் போட்டோ. நகைக்கடைகளுக்கு மூக்குத்தி, மோதிரம், கம்மல் எல்லாவற்றையும் அறைக்குள் வைத்துப் பெரிதாக எடுத்துக் கொடுப்பது. கல்யாணம் அவர்களாகவே செய்துகொண்டது. நான் குறுக்கே நிற்கவில்லை. ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் ஒரு சொல்லுமே சொல்லவில்லை.

அப்புறம் அவள் கர்ப்பம் என்று தெரிந்தது. நானே போன் செய்தேன். தலைப்பிரசவம், தாய் வீட்டில்தானே நடக்கவேண்டும். தாய் இல்லாவிட்டால் என்ன, வீடு இருக்கிறதே. மாடியறைக்கு வெள்ளையடித்தேன். புதுக்கட்டில் போட்டேன். தொட்டிலுக்கு உத்தரத்தில் கொக்கி மாட்டினேன். இங்கே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவிடம் சொல்லிவைத்தேன், என்னிடம் படித்தவள். எல்லாம் செய்துவிட்டு, "எப்போ வாரே" என்று கேட்டேன்.

"வாரேன்ப்பா" என்றாள். "ஆனா அவரும் வருவார். ஏழாம் மாசம் ரெண்டு பேரும் வந்து ரெண்டு நாள் இருக்கோம். இருந்து பாக்கோம். அந்த வீட்ல அவருக்குன்னு ஒரு கோடு இருக்கக்கூடாது. இருந்துச்சுன்னா நான் இங்கயே பெத்துக்கிடுதேன்."

கோடா? நான் வீடு வைத்திருக்கிறேனா, கபடி மைதானம் வைத்திருக்கிறேனா? அப்படித்தான் கேட்டேன். சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அந்தச் சிரிப்பிலேயே, "சுவாமி படத்தை அவரே எடுத்துத் தருவார்ப்பா" என்றாள். நான் சரி என்று சொன்னேன். சொன்னேன் தம்பி. அதை அவள் இப்போது மறந்துவிட்டாள்.

மறுநாள் வேல்துரையோடு பேசினேன். மரியாதையான பிள்ளை, அதில் குறை சொல்லமாட்டேன். "நூறு எம்.எம். லென்ஸ் போதும் மாமா. மூக்குத்தியெல்லாம் நான் அதுலதான் எடுக்கேன்" என்றார்.

"எவ்வளவு தூரத்திலிருந்து?" என்று கேட்டேன்.

"ஒரு சாண் மாமா. அதுக்கும் கொஞ்சம் உள்ளேதான் இருக்கும்."

ஒரு சாண்.

அன்றைக்கு உட்கார்ந்தேன் தம்பி, ஒரு மாதம் எழுந்திருக்கவில்லை. லென்ஸ்களைப் படித்தேன். நீங்கள் பறவைப் படம் எடுக்கிறவர் என்றீர்கள், உங்களுக்கு இது தேவைப்பட்டிருக்காது, சொல்கிறேன். அறைக்குள் வைத்துச் சின்னப் பொருளை எடுக்க அறுபது எம்.எம். லென்ஸும் இருக்கிறது. அதில் பொருள் உதட்டில் இடிக்கிற மாதிரி நெருங்கவேண்டும். நூறில் ஒரு சாணுக்குள். நூற்றெண்பதில் ஒரு சாண் தாராளமாகக் கிடைக்கும். லென்ஸின் குவியத்தூரம் கூடக் கூட, தள்ளி நின்றே அதே அளவுக்குப் பெரிதாக எடுக்கலாம். தள்ளி நிற்பதில் என்ன லாபம்? எடுக்கிறவருடைய நிழல் பொருள்மேல் விழாது. மூச்சுக்காற்று படியாது. படிகத்தில் ஆவி படிந்தால் படம் போச்சு. உருவம் கோணாது. இதெல்லாம் ஒளியியல். இதில் வேறு எதுவும் கிடையாது.

நாடாவை எடுத்து அளந்து பார்த்தேன். நிலைவாசலுக்கு வெளியிலிருந்து சுவாமி வரைக்கும் ஆறடி. ஆறடியிலிருந்து கட்டைவிரல் நுனியைப் படம் முழுக்கக் கொண்டுவரவேண்டும். அதற்கு ஒரே ஜாதி லென்ஸ்தான் உண்டு. முந்நூறுக்கு மேலே, பறவைக்குச் செய்தது. ஆனால் பறவைக்குச் செய்ததிலும் பெரும்பாலானவை கிட்டத்தில் இருப்பதைக் குவிக்காது, பத்தடிக்கு இந்தப் பக்கம் குருடு. கிட்டத்திலும் குவிக்கிறது இருக்கிறது, அபூர்வம். கைக்கெட்டாத செடியில் தட்டான் உட்கார்ந்திருந்தால் எடுப்பார்களே, அவர்கள் வாங்குவது. அதுதான் அந்தப் பெட்டிக்குள் இருப்பது.

மதுரைக்குப் போய்த்தான் வாங்கினேன். கடைப்பையன் மாதிரி ஒரு வடிகட்டின அசட்டை நான் பார்த்ததில்லை. "சார், வீட்டுக்குள்ள வச்சு எடுக்கதுக்கு இது எதுக்கு? இது பக்கத்துல போக முடியாததுக்கு" என்றான்.

"பக்கத்தில் போக முடியாததுதான்" என்றேன்.

"பாம்பா சார்?"

பணத்தை எண்ண ஆரம்பித்தேன். "கடிக்கிற ஐட்டமா?" என்று மறுபடியும் கேட்டான். வாயில் வேறு எதையோ மென்றுகொண்டே கேட்டான். பெட்டியைக் கட்டச் சொன்னேன்.

ஏழாம் மாதம் வந்தார்கள். உலகம்மை நன்றாக இருந்தாள். முகம் காந்திமதி மாதிரி ஆகியிருந்தது. வந்ததும் மாடியறையைப் போய்ப் பார்த்தாள், கொக்கியைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி இழுத்துப் பார்த்தாள். வேல்துரை இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தார், நீங்கள் உட்கார்ந்திருக்கிறதில். காப்பி கொடுத்தேன். நானே ஆற்றிக் கொடுத்தேன். இதையெல்லாம் யாரும் சொல்லமாட்டார்கள்.

மறுநாள் காலை பூஜை முடிந்து, சுவாமியைச் சம்புடத்தில் வைக்காமல் பீடத்திலேயே வைத்தேன். லென்ஸ் பெட்டியை எடுத்து வந்து வேல்துரை கையில் கொடுத்தேன். ஆச்சரியப்பட்டார்.

"நல்ல லென்ஸ் மாமா. இவ்வளவு நீளம் எதுக்கு?"

"நிழல் விழக்கூடாது" என்றேன்.

"நிழலை நான் பாத்துக்கிடுவேனே. ரெண்டு விளக்கு கொண்டாந்திருக்கேன். துணி கட்டி வெளிச்சத்தை மெத்துன்னு ஆக்கிடலாம். என் நூறே போதும்."

"மூச்சு படும்."

"மூக்கைக் கட்டிக்கிடுதேன் மாமா" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கைக்குட்டையை எடுத்தார்.

உலகம்மை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலைவாசலுக்கு வெளியே, காமிராவின் முக்காலி எங்கே நிற்கவேண்டும் என்று நான் கறுப்பு டேப்பில் மூன்று இடத்தில் ஒட்டிவைத்திருந்தேன். கால் வைக்கிற இடம். முன்னேற்பாடு, அவ்வளவுதான். எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்வார்கள்.

"கோடு இல்லேன்னு சொன்னீங்களேப்பா" என்றாள்.

"கோடு எங்கே இருக்கிறது? மூன்று புள்ளி" என்றேன். அது உண்மைதானே?

வேல்துரை நிலைமையைப் புரிந்துகொண்டவர் மாதிரி, "குளிச்சுட்டு ஈர வேட்டியோட வாரேன் மாமா. உள்ளே போயி ரெண்டு நிமிஷம், எதையும் தொடமாட்டேன்" என்றார். நான் பொறுமையாகத்தான் சொன்னேன், குளிப்பதில் இல்லை, தீட்சையில் இருக்கிறது என்று.

"அம்மாவுக்குத் தீட்சை இருந்துச்சா?" என்றாள் இவள். "முப்பது வருஷம் அந்த அறையைக் கூட்டி மெழுகினது யாரு?"

அது வேறு என்றேன்.

"அம்மா இருக்கும்போது எலெக்ட்ரீஷியன் உள்ளே ஏணி போட்டு நின்னாரே. அவருக்கு?"

அப்போது சுவாமி சம்புடத்துக்குள் இருந்தார் என்றேன். மூடியிருந்தது. அவளுக்கு இந்த நுட்பமெல்லாம் புரியாது. எதையும் எதோடும் முடிச்சுப் போடுவாள். "நான் நிழலைப் பற்றிப் பேசுகிறேன், நீ எலெக்ட்ரீஷியனைப் பற்றிப் பேசுகிறாய்" என்றேன். வேல்துரை முக்காலியின் மூன்று காலையும் என் மூன்று புள்ளிமேல் கொண்டுவந்து வைத்தார். சரியாக வைத்தார். எனக்கு அவரிடம் பிடித்தது அதுதான்.

எடுத்தார். காமிராவில் வருகிற படம் மடிக்கணினியில் பெரிதாகத் தெரிகிற மாதிரி ஒயர் போட்டிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன்.

தம்பி, சுவாமிக்குள் வேல்துரை நிற்கிறார்.

ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. படிகத்தின் முன்பக்கம் வெளியே புடைத்திருக்கிறதா, அது ஒரு குவியாடி. அதில் சின்னதாக, நேராக ஒரு வேல்துரை. பின்பக்கம் உள்ளிருந்து பார்த்தால் குழியாடி. அதில் தலைகீழாக இன்னொரு வேல்துரை. பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு என் மகள், வயிறும் விளக்குமாக, அவளும் நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று. சுற்றிலும் நிலைவாசல். முப்பது வருஷம் இதைத்தான் கரும்பலகையில் வரைந்தேன். எனக்கே தோன்றவில்லை பாருங்கள். ஆறடி தள்ளி நிறுத்தினால் ஆள் சின்னதாகத்தான் ஆவார், இல்லாமல் போகமாட்டார். லென்ஸோ, கண்ணிமையைக்கூடக் காட்டுகிற லென்ஸ்.

எனக்கு வந்த அருவருப்பை எப்படிச் சொல்ல? மனிதர்கள்மேல் இல்லை. படம் கெட்டுப்போனதே என்று.

வழி இல்லாமலில்லை. ஒரு கறுப்புக் கம்பளி இருந்தது. லென்ஸ் அளவுக்கு அதில் ஓட்டை போட்டு, காமிராவையும் அவரையும் சேர்த்து மூடினால் பிம்பம் விழாது. இது என் சொந்த யோசனையல்ல, கண்ணாடிச் சாமான் எடுக்கிற எல்லாரும் கறுப்புத்துணியைத்தான் கட்டுகிறார்கள். வேல்துரை மறுபேச்சில்லாமல் கம்பளிக்குள் போனார். சித்திரை வெயில். விசிறியை நிறுத்திவிட்டேன், ஆடக்கூடாதே. உள்ளிருந்து, "இப்போ சரியா மாமா" என்றார். பார்த்தேன். ஆள் போய்விட்டார். கால் மட்டும் தெரிந்தது. கம்பளிக்குக் கீழே, இரண்டு வெறுங்கால், சுவாமிக்குள், தலைகீழாக. "காலை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். இழுத்தார். "இன்னும் கொஞ்சம்" என்றேன்.

உலகம்மை விளக்கைக் கீழே வைத்தாள். வந்து கம்பளியை உருவி எடுத்தாள். வேல்துரை முகமெல்லாம் வேர்வை, கம்பளி ரோமம் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். என் முன்னாலேயே. பிறகு அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "இப்போ எடுங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். "அப்பாவை ஏன் பாக்கீங்க, எடுங்க" என்றாள். எடுத்தார்.

சண்டை எதுவும் நடக்கவில்லை. சாப்பிட்டார்கள். இரண்டு நாள் என்று வந்தவர்கள் அன்றைக்குச் சாயங்கால ரயிலுக்கே கிளம்பினார்கள். படியிறங்கும்போது, "மாடியறை நல்லாருக்குப்பா" என்றாள். நானும் அதை நல்ல வார்த்தை என்றே எடுத்துக்கொண்டேன். மறுநாள் கடைக்குப் போய்த் தொட்டில் சேலையை விரித்துவைக்கப் பிரம்புகூட வாங்கிவந்தேன்.

ஒரு வாரம் கழித்துப் படம் வந்தது. கூடவே அவள் குரலில் ஒரு செய்தி. அதை நீங்களே கேட்டிருந்தால் என் நியாயம் விளங்கியிருக்கும். "பீடத்துக் குழியில பழைய எண்ணெய்ப் பிசுக்கு கறுப்பா அப்பிக் கிடந்துச்சுப்பா. விபூதியில உங்க புருவ முடி ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. எல்லாத்தையும் அவர் கம்ப்யூட்டர்ல வச்சுத் துடைச்சுட்டார். எங்களைத் துடைக்க நான் விடலே."

எண்ணெய்ப் பிசுக்காம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஊதிப் பெரிதாக்கிக் காட்டினால் எந்த வீட்டிலும்தான் பிசுக்கு இருக்கும். அது அந்த லென்ஸின் திறமை. அதைக் குறையாகச் சொல்வார்களா?

சங்கரநயினாரிடம் படத்தைக் காட்டினேன். வேண்டாம் என்று சொல்வார் என்றுதான் காட்டினேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அண்ணாச்சி, உள்ளே ஒரு குடும்பமே இருக்கே" என்றார். "மக மாசமா இருக்கில்லா? அப்போ அதையும் சேத்து உள்ளே மூணு பேரு. என்ன யோகம் அண்ணாச்சி. இதையே போட்டுருவோம்."

சீ என்று ஆகிவிட்டது. கோயில் மலரை வளைகாப்பு ஆல்பம் ஆக்கப் பார்க்கிறார். படத்தைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் இணையத்திலிருந்து ஏதோ ஒரு லிங்கத்தை எடுத்து அட்டையில் போட்டார்கள். அது படிகம்கூட இல்லை, கண்ணாடி. எனக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள், நான் திறக்கவில்லை.

பிரசவம் சென்னையில் ஆனது. பெண் குழந்தை. டாக்டரம்மா என்னைக் கோயிலில் பார்த்து, "சார், எப்போ அட்மிட் பண்ணுதீங்க" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியவில்லை. நான், "அங்கே வசதி அதிகம்" என்றேன்.

போட்டோ அனுப்புகிறார்கள். அதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். குழந்தையின் கட்டைவிரல் நகம். அடுத்த நாள் ஒரு காது. பிறகு ஒரு குதிகால், சுருக்கம் சுருக்கமாக. கண்ணிமை ரோமம். எல்லாம் அந்த நூறு எம்.எம். லென்ஸ், ஒரு சாண் தூரத்திலிருந்து எடுத்தது. வெளிச்சம் அருமை, குறை சொல்ல முடியாது. ஆனால் நகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? யார் ஜாடை என்று நகத்தில் தெரியுமா? முழுக் குழந்தையையும் ஒரு படம் எடுத்து அனுப்பக்கூடாதா? கேட்டேன். "வந்து பாருங்கப்பா" என்றாள். "கிட்ட வந்து பாருங்க, முழுசாத் தெரியும்." இப்படித்தான் பேசுகிறாள். நான் ஒரு படம் கேட்டேன், அவ்வளவுதான். நான் எப்படிப் போக முடியும்? தினம் பூஜை இருக்கிறது. சுவாமியை விட்டுவிட்டு ஒருநாள் நகர முடியாது.

பூஜை என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து ஒரு உபத்திரவம். காலையில் தீபம் காட்டும்போது சுவாமிக்குள் பார்வை போய்விடுகிறது. முன்னெல்லாம் போகாது. என் முகம் தெரிகிறது, மூக்கு மட்டும் பெரிதாக நீண்டு. அதை விடுங்கள். என் தோளுக்குப் பின்னால் நிலைவாசல் தெரிகிறது. நேராக ஒரு வாசல், தலைகீழாக ஒரு வாசல். இரண்டிலும் யாரும் இல்லை. மந்திரம் விட்டுப்போகிறது, திரும்ப முதலிலிருந்து சொல்கிறேன். ஒளியியல்தான். காரணம் தெரிந்த விஷயம் ஏன் இப்படித் தொந்தரவு செய்யவேண்டும் என்றுதான் தெரியவில்லை.

சரி, உங்கள் நேரத்தைத் தின்றுவிட்டேன். லென்ஸைப் பார்க்கவேண்டும் இல்லையா. சோதிக்காமல் வாங்காதீர்கள், யார் விற்றாலும். கூந்தன்குளத்துக்கு வருகிற பறவைக்கு இதைவிட நல்லது கிடைக்காது. காமிரா கொண்டுவந்திருக்கிறீர்களா? நல்லது, மாட்டுங்கள். திருகும்போது சத்தம் வரும், பயப்படவேண்டாம்.

எதைக் குவித்துப் பார்ப்பது என்றா? வாருங்கள். சுவாமி இன்றைக்கு வெளியில்தான் இருக்கிறார், நான் இன்னும் மூடவில்லை. இல்லை, அங்கேயே நில்லுங்கள். உள்ளே வேண்டாம். வெளியே அந்த டேப் ஒட்டியிருக்கிற இடம், அங்கிருந்தே குவியும். நான் உள்ளே இருக்கிறேன். என்னைப் பார்க்காதீர்கள், சுவாமியைப் பாருங்கள்.

தெரிகிறதா? எனக்கும் தெரிகிறது. நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று.

ஒரு நிமிஷம் அசையாமல் நில்லுங்கள் தம்பி. கொஞ்சம் இடதுபக்கம் நகருங்கள். இன்னும் கொஞ்சம். பக்கத்தில் இன்னொரு ஆள் குழந்தையோடு நிற்கிற அளவுக்கு இடம் விட்டு.